பெருஞ்சீரகம் போடாத கறி

துஷானி இன்னும் டொக்டராகவில்லை. டொக்டருக்குப் படிக்கக்கூடத் தொடங்கவில்லை. மருத்துவ பீடத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்னர் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் படித்துத் தேற வேண்டிய ஸ்ரூடியன்கொலெக் என்னும் ஆயத்த வகுப்பில் அரைவாசியைத்தான் முடித்திருந்தாள். இதை ஜேர்மனியின் ஆஹென் நகரத்துத் தமிழ்ச் சனத்துக்கு யார் விளங்கப்படுத்துவது? மாசி விடுமுறைக்கு அவள் மாமா வீட்டில் வந்து இறங்கிய அன்றே, ஆட்கள் வரவேற்பறையில் முழங்காலைக் காட்டிக்கொண்டு வரிசையாக இருந்தார்கள்.

"பிள்ளை, இதில ஒருக்கா அமத்திப் பார். நோகுது."

"நான் இன்னும் படிக்கத் தொடங்கேல்லை அங்கிள்."

"அமத்திப் பாக்கப் படிப்பு வேணுமே? அமத்து."

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது பிடித்திருந்தது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும் யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் தவறிப்போனவள் அவள். ஊரில் அந்த வருடம் முழுக்க ஒருவரும் அவளை டொக்டர் என்று கூப்பிடவில்லை. எல்லாரும் 'பாவம்' என்றுதான் சொன்னார்கள். இங்கே குரலைத் தாழ்த்தி, "உனக்கு மட்டும் சொல்லுறன்" என்று ஆரம்பிக்கிற மனிதர்களைக் கண்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

மாமா உருத்திரமூர்த்தி பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து மாமி சுந்தரேஸ்வரி பேசுவார். ஆஹெனிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்திரட்டி எதுவானாலும் பெரிய அகப்பை மாமியின் கையில்தான். யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிறசர், யார் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர், யாருக்குக் கத்தரிக்காய் தின்றால் உடம்பு கடிக்கும் என்பதெல்லாம் அவருடைய விரல்நுனியில். மனிதர்களின் பெயரை மறந்தாலும் அவர்கள் சாப்பிடாததை மறக்கமாட்டார்.

அந்த விடுமுறையில் துஷானிக்கு ஒரு வேலை இருந்தது. மருத்துவம் படிக்கிற எவரும் ஆஸ்பத்திரியில் தாதிமாருக்குக் கையுதவியாக நின்று சான்றிதழ் எடுக்க வேண்டும். படிப்புத் தொடங்க முன்னரே அதை முடித்துவிடலாம் என்று, நகரத்தின் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் பிடித்திருந்தாள். முதல்நாளே தலைமைத் தாதி கொர்னேலியா அவளை இருத்திக் கையெழுத்து வாங்கினார். இங்கே கண்டது, கேட்டது, மணந்தது எதையும் வெளியே சொல்லக்கூடாது.

"அம்மாவுக்குமில்லை. காதலனுக்குமில்லை. வீட்டு நாய்க்குமில்லை," என்றார் கொர்னேலியா. "இதில் பிழைத்தால் நான் கத்தமாட்டேன். கதவைத்தான் காட்டுவேன். விளங்கியதா?"

"விளங்கியது," என்றாள் துஷானி. அவளிடம் நாயும் இல்லை, காதலனும் இல்லை. இதிலென்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை, பதினாலாம் அறைக்குக் காலைச் சாப்பாட்டுத் தட்டுடன் போனாள். கட்டிலில் இருந்த பெண் அவளுடைய முகத்தைக் கண்டதும் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து, நன்றி என்பதற்கு ஜேர்மன் மொழியில் "டாங்கே" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. போர்வைக்கு வெளியே நின்ற கையில் பழைய தங்கக் காப்பு.

"அன்ரி, தமிழோ?"

போர்வை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒரு கண் வெளியே வந்தது.

"நீர் ஆரின்ரை பிள்ளை?"

"ஊரிலயிருந்து படிக்க வந்தனான் அன்ரி. இஞ்ச உருத்திரமூர்த்தி மாமா வீட்டில நிக்கிறன்."

"சுந்தரேஸ்வரி அக்கா வீடோ?" அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹென் முழுக்கத் தேடியும் உமக்கு வேற வீடு கிடைக்கேல்லையோ?"

துஷானி தட்டை மேசையில் வைத்தாள்.

"இஞ்ச பாரும் பிள்ளை. நீர் என்னை இஞ்ச காணேல்லை. நான் இஞ்ச இல்லை. நான் பாரிசில நிக்கிறன்."

மயக்க மருந்து முழுதாகத் தெளியாத நோயாளர் இடம், காலம் தெரியாமல் பேசுவார்கள் என்று கொர்னேலியா சொல்லியிருந்தார். துஷானி கட்டில் பக்கம் குனிந்து, மிகவும் பொறுமையாக, "அன்ரி, இண்டைக்கு என்ன கிழமை எண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்றாள்.

"விசரில்லையடி எனக்கு! கதவைச் சாத்திப்போட்டு வாரும்."

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சுகன்யாதேவி என்ற அந்தப் பெண் கதையைச் சொல்லச் சொல்ல, வேலை நேரத்தில் இருக்கக்கூடாத கதிரையில் துஷானி தன்னை அறியாமலே இருந்துவிட்டாள்.

இடது மார்பில் புற்றுநோய். எடுத்தாயிற்று. ஒரே மகள் ஆதிரை மியூனிக்கில் வேலை செய்கிறாள். சித்திரையில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை மதீசன், பிரபாலினி என்பவரின் மகன். மண்டபம் பிடித்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று. தாய்க்கு இந்த வருத்தம் என்று வெளியே தெரிந்தால், நாளைக்கு மகளுக்கும் வரும் என்று சனம் கதைக்கும். கதை பிரபாலினியின் காதுக்குப் போனால் கலியாணம் நின்றுவிடும். அதனால் சுகன்யாதேவி கூறைச்சேலை எடுக்கப் பாரிசின் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். அதாவது, போகவில்லை. அங்கே இருக்கிற தங்கச்சி கடை கடையாக ஏறி இறங்கிச் சேலைகளைப் படம் எடுத்து அனுப்புவாள். இவர் இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்தப் படங்களை வட்ஸ்அப்பில் ஆஹென் சனத்துக்கு அனுப்பி நிறம் எப்படி என்று கேட்பார். விசயம் தெரிந்தது இரண்டே பேருக்கு: கணவருக்கும் அந்தத் தங்கச்சிக்கும்.

"மகளுக்குமோ தெரியாது?" என்று கேட்டாள் துஷானி.

"தாலி ஏறட்டும். ஏறின அண்டைக்கே சொல்லுறன்."

"அன்ரி, இது மகளும் தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம். அவவும் செக் பண்ண வேணும்..."

"சொல்லுறன் எண்டு சொன்னனெல்லோ. நீர் ஆருக்கும் சொல்லமாட்டீர்தானே? உம்மட மாமிக்கு?"

"சத்தியமாச் சொல்லமாட்டன்."

சுகன்யாதேவி அவளுடைய கையைப் பிடித்து அமத்தினார். முழங்கால் காட்டியவர்கள் எல்லாரும் சொன்ன 'உனக்கு மட்டும்' இந்த ஒன்றுக்கு முன்னால் விளையாட்டாகத் தெரிந்தது. இதுதான் உண்மையான டொக்டர் வேலை என்று துஷானிக்குப் பட்டது. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் கொஞ்சம் கூட.

அன்று பின்னேரம் மாமி கேட்டார்: "அங்க எங்கட ஆக்கள் ஆரும் படுத்திருக்கினமோ?"

"தெரியாது மாமி."

"வருத்தம் பாக்கப் போகாட்டி நாளைக்கு முகம் முறிவாயெல்லோ வரும். அதுக்குத்தான் கேட்டனான்."

"தெரியாது மாமி."

சுகன்யாதேவி சாப்பிடாமல் கிடந்தார். பாணையும் பட்டரையும் கண்டால் வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். கணவர் பாரவூர்தி ஓட்டுகிறவர். அவருக்குத் தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வைக்கத் தெரியாது. யாரிடமாவது கேட்டு வாங்கலாமென்றால், பாரிசில் நிற்கிற மனுசிக்கு ஆஹெனில் ஏன் சோறு என்று கேட்பார்கள். கொர்னேலியா தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தார்.

"தூள் போட்ட கறியோட ஒரு வாய் சோறு பிள்ளை," என்றார் சுகன்யாதேவி ஒருநாள். "ஒரு வாய். அதுக்குப் பிறகு இவை தாற எல்லாத்தையும் தின்னுறன்."

துஷானி யோசிக்கவேயில்லை. தாதிமாரின் சமையலறையில் தன்னுடைய மதியச் சாப்பாட்டைச் சூடாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சுகன்யாதேவி ஆவலோடு மூடியைத் திறந்தார். திறந்தவர் மணந்தார். அப்படியே பெட்டியைத் தள்ளிவிட்டார்.

"பெருஞ்சீரகம் போட்டிருக்கே? எனக்கு அது ஏலாது. தொண்டை அடைச்சு மூச்சு நிண்டிடும்."

துஷானி பெட்டியைப் பறித்து மூடினாள். அவருக்குப் பெருஞ்சீரகம் ஆகாது என்று கட்டிலின் தலைமாட்டுக் கோப்பில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. ஒவ்வாமை எது என்பதுதான் எந்த டொக்டரும் முதலில் கேட்கிற கேள்வி. அவள் கேட்கவில்லை. இவருக்கு மூக்கு நன்றாக வேலை செய்ததால்தான் இரண்டு பேரும் தப்பினார்கள். மலகூடத்துக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். இனிமேல் இப்படி ஒரு பிழை நடக்கவே கூடாது என்று முடிவெடுத்தாள்.

அந்த முடிவுதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது.

வீட்டில் மாமி அடுப்படியில் நின்றார். துஷானி தண்ணீர் குடிக்கிற மாதிரிப் பக்கத்தில் போய் நின்று, "மாமி, நாளைக்கு எனக்குக் கட்டித் தாற கறிக்குப் பெருஞ்சீரகம் போடாமல் விட ஏலுமோ? வயிறு சரியில்லை," என்றாள்.

மாமியின் அகப்பை நின்றது.

"வயிறு சரியில்லாட்டிப் பெருஞ்சீரகம் அவிச்செல்லோ குடிக்கிறது?"

துஷானிக்கு அது தெரியாதா? பிறந்த நாளிலிருந்து குடித்து வளர்ந்தவள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, சொல்லக்கூடிய பொய்களிலேயே மோசமானதைத் தேடி எடுத்துச் சொல்லிவிட்டது. மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அலுமாரியின் பின்பக்கத்திலிருந்து மஞ்சள் மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்றை எடுத்தார்.

"இது பெருஞ்சீரகம் இல்லாமல் இடிச்ச தூள்."

"ஏன் மாமி அப்பிடி ஒண்டு?"

"கொண்டாட்டங்களில ஒராளுக்குத் தனியாக் கறி வைக்கிறனான். இந்தப் பக்கத்தில அவ ஒராள்தான் அப்பிடி." மாமி மூடியைத் திருகினார். "அவ இப்ப பாரிசுக்குப் போட்டா."

கையிலிருந்த தம்ளர் தொட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை. ஆனால் துஷானியின் முகத்தில் இருந்ததை மாமி வாசித்து முடித்துவிட்டார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாமி ஒன்றும் கேட்காமல் விடுவதைத் துஷானி அன்றுதான் முதன்முதலில் கண்டாள். 

மாமிக்கு விளங்கியிருக்காது என்று படுக்கையில் தன்னைத்தானே சமாதானப்படுத்தினாள். நான் பெயர் சொல்லவில்லையே. ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லையே. கறிதானே கேட்டேன்.

காலையில் இரண்டு பேர் சாப்பிடுமளவுக்குக் கட்டியிருந்த பெட்டி மேசையில் இருந்தது. அதைக் கண்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதே தீர்மானித்தாள்: போனவுடன் அன்ரியிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும், மாமிக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று.

சொல்லவில்லை. காலையில் படுக்கைகள் மாற்றும் வேலை. பிறகு ஒரு நோயாளரை ஸ்கானுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. மதியம் பெட்டியைக் கொண்டுபோய்த் திறந்தபோது, சுகன்யாதேவி கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு வலது கையால் குழைத்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"நீ நல்லா இருப்பாய் குஞ்சு. இது ஆர் வைச்ச கறி எண்டு எனக்கு விளங்குது. எப்பிடிக் கேட்டு வாங்கினனி?"

"எனக்கெண்டுதான் கேட்டனான் அன்ரி."

"ஒண்டும் சந்தேகப்படேல்லையோ?"

இதுதான் அந்த இடம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் சொன்னால் இந்தக் கை நின்றுவிடும், இந்தக் 'குஞ்சு' நின்றுவிடும். கோபத்தில் கொர்னேலியாவைக் கூப்பிட்டால் எல்லாமே நின்றுவிடும்: சான்றிதழ், பீடம், ஊரில் அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிற அந்த டொக்டர்.

"இல்லை அன்ரி," என்றாள் துஷானி.

பார்வையாளர் நேரத்தில் லிப்ட் திறந்தது.

துஷானி தேத்தண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையின் நடுவில் நின்றாள். முதலில் மாமி இறங்கினார். குளிர் அங்கியின் கீழ் சேலைக் கரை தெரிந்தது. கையில் சூப் நிரப்பிய பிளாஸ்க். பின்னால் மாமா, திராட்சையும் அப்பிளும் நிறைந்த பையுடன், வழக்கம்போல் பேசாமல். அவருக்குப் பின்னால் கோயிலுக்கு வருகிற பெண்கள் மூன்று நாலு பேர். ஹோர்லிக்ஸ், சுப்பர்மார்க்கட் பூங்கொத்து, ஒரு விபூதிச் சரை. கடைசியாக, எல்லாரும் வழிவிட, மூக்குக்கண்ணாடி போட்ட உயரமான ஒரு பெண் இறங்கினார்.

"வாங்கோ பிரபாலினி. நீங்கள்தான் முதல் போக வேணும். சம்பந்தி வீட்டாரெல்லோ," என்றார் மாமி.

துஷானி மாமிக்கு விளங்கிவிடும் என்று பயந்திருந்தாள். ஆனால் மாமி மாப்பிள்ளையின் தாயையே கூட்டிக்கொண்டு வருவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. மாமியின் முகத்தில் ஒரு துளி கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். சம்பந்தி வீட்டார் போய்ப் பார்க்க வேண்டும். சொல்லாமல் விட்டால் நாளைக்கு மனத்தாங்கல் வரும். மாமிக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

"மாமி... இஞ்ச ஏன்..."

"நீ ஒண்டும் சொல்லேல்லை மோனை. நானாத்தான் கண்டுபிடிச்சு, நீ வேலை செய்யிற மாடியைக் கீழ விசாரிச்சு வந்தனான். பாவம், ஏதோ குடலிறக்கமாக்கும். கலியாண நேரமெண்டு எங்களுக்குக் கரைச்சல் தராமல் வந்து படுத்திருக்கிறா." அப்போதுதான் மாமியின் கண் சுவரிலிருந்த பலகையில் பட்டது. மார்பகப் புற்றுநோய் நிலையம் என்று ஜேர்மன் மொழியில் பெரிதாக எழுதியிருந்தது. மாமி அதை வாய்க்குள் எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்து முடித்தபோது கையிலிருந்த பிளாஸ்க் சரிந்தது, மாமா பிடித்துக்கொண்டார்.

 பிரபாலினி பலகையைப் பார்த்தார், பிறகு துஷானியைப் பார்த்தார்.

"எந்த அறை பிள்ளை?"

"எனக்குத் தெரியாது," என்றாள் துஷானி. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

ஆனால் பதினாலாம் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே சுகன்யாதேவி தலையணையில் சாய்ந்து, ஒரு கையால் கைபேசியை அமத்திக்கொண்டிருந்தார். அமத்தி முடித்ததும், நடைபாதையில் நின்ற பிரபாலினியின் கைப்பைக்குள் மணி அடித்தது.

பிரபாலினி கைபேசியை எடுத்துப் பார்த்தார். துஷானி பக்கத்தில் நின்றதால் அவளுக்கும் தெரிந்தது. கடைப் பொம்மை ஒன்றுக்கு உடுத்திவிட்ட அரக்குச் சேலை. கீழே எழுதியிருந்தது: 'இது எப்பிடி பிரபா? கடையிலதான் நிக்கிறன், கெதியாச் சொல்லுங்கோ.'

பிரபாலினி நிமிர்ந்தார். திறந்த கதவுக்கூடாக இரண்டு பேரின் கண்களும் சந்தித்தன. சுகன்யாதேவியின் கையிலிருந்த கைபேசி போர்வையில் விழுந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு மனிதரின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்த துஷானி, அதை அன்று கண்ணால் கண்டாள். அதற்குக் காரணம் தான் என்பதும் அதே நேரத்தில் உறைத்தது. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடவும் முடியவில்லை.

"ஐயோ சுகன்யா..." என்று மாமி குரலெடுத்தார்.

பிரபாலினி கையை உயர்த்தி மாமியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். கட்டிலின் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். போர்வைக்கு வெளியே தொங்கிய குழாயையும், அதன் முனையில் இரத்தநீர் சேர்கிற சின்னப் போத்தலையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது," என்றார் சுகன்யாதேவி. மூச்சுத்தான் வந்தது.

"எனக்கு வலது."

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். துஷானி தான் கேட்டது சரிதானா என்று தெரியாமல் மாமியைப் பார்த்தாள். மாமியின் முகம் அவளுடையதைவிட மோசமாக இருந்தது.

"மதீசன் படிப்பு முடிச்ச வருசம் நான் திருவண்ணாமலைக்கு யாத்திரை போனனெல்லே. போகேல்லை. மியூனிக்கில ஒப்பரேசன். இஞ்ச செய்தா எங்கட ஆக்கள் ஆரும் காணுவினம் எண்டு அங்க போய்ப் படுத்தனான்." பிரபாலினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "உங்களைப்போல எனக்குச் சேலைப்படம் அனுப்பிற யோசினை வரேல்லை."

"அப்ப..." மாமி வாசலிலிருந்தே கேட்டார், "நீங்கள் எங்கள் எல்லாருக்கும் கொண்டுவந்து தந்த விபூதி?"

"கொழுந்தன் சென்னையிலயிருந்து பார்சல் போட்டவர்."

"நான் அதையெல்லோ இவருக்கு இடுப்பு நோவுக்குப் பூசினனான்!"

"சுகப்பட்டதோ இல்லையோ?"

மாமி மாமாவைப் பார்த்தார். மாமா ஓம் என்று தலையை ஆட்டினார். சுகன்யாதேவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அது அழுகையாகவே முடிந்தது. பிரபாலினி, குழாய் இழுபடாமல் பார்த்து, தையல் இல்லாத பக்கமாக அவரை அணைத்துக்கொண்டார்.

"கலியாணம் நடக்கும். அந்த அரக்குச் சேலை மட்டும் வேண்டாம், எனக்குப் பிடிக்கேல்லை. ஆனா ஆதிரைக்கு நீங்கள் இண்டைக்கே சொல்ல வேணும். மதீசனுக்கு நான் சொல்லுறன். எனக்கு வந்தது அவனுக்கும் இன்னும் தெரியாது."

நடைபாதையில் பெண்கள் மூக்கைச் சீறினார்கள். மாமி துஷானியைக் கட்டிப்பிடித்து நெற்றியில் கொஞ்சினார். "எல்லாம் எங்கட பிள்ளையாலதான். இவள் இல்லாட்டி இரண்டு பேரும் ஒளிச்சு ஒளிச்சே செத்திருப்பினம்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை மாமி."

"ஓமடி. சொல்லாமலே செய்துபோட்டாயெல்லோ. அதுதான் கெட்டித்தனம்."

ஆளாளுக்கு அவள் கன்னத்தைத் தடவினார்கள். துஷானிக்கு அது அடி வாங்குவதைவிடக் கேவலமாக இருந்தது.

கொர்னேலியா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் துஷானியைத் தாதிமாரின் அறைக்குள் கூப்பிட்டார். சொன்னபடியே அவர் கத்தவில்லை.

"தான் இங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அவர் எழுதிக் கேட்டிருந்தார். இன்று ஒரு ஊரே வந்தது. நீ பெயர் சொன்னாயா?"

"இல்லை."

"நோயைச் சொன்னாயா?"

"இல்லை."

"அப்படியானால் என்னதான் சொன்னாய்?"

"கறிக்குப் பெருஞ்சீரகம் போட வேண்டாம் என்று சொன்னேன்."

கொர்னேலியா பேனையை மேசையில் வைத்தார். துஷானி முழுவதையும் விளக்கினாள். அவள் முடித்ததும் கொர்னேலியா சொன்னார்: "முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு மசாலாவை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது உன் மாமி, உன் சனம்." பிறகு எழும்பினார். "தீர்மானம் என்னுடையதல்ல. அவர் வேண்டாம் என்றால் நீ இன்றே வீட்டுக்குப் போகலாம், சான்றிதழ் இல்லாமல். வா."

பதினாலாம் அறையில் சுகன்யாதேவி முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு இருந்தார். அவ்வளவு நாளும் பொட்டு இல்லாத முகத்தைத்தான் துஷானி பார்த்திருந்தாள். கொர்னேலியா கேட்டதற்கு அவர் ஜேர்மன் மொழியில் நிதானமாகப் பதில் சொன்னார்.

"அவள் என் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஒருவர் படுத்தால் எல்லாரும் வருவார்கள். அவள் இங்கே வேலை செய்யட்டும்."

துஷானி டாங்கே என்று சொல்ல வாயெடுத்தாள்.

"என் அறைக்கு மட்டும் வேறு யாரையாவது அனுப்புங்கள்," என்றார் சுகன்யாதேவி.

கொர்னேலியா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையசைத்து வெளியே போனார்.

"அன்ரி..."

"இரும். கறிக்கு உம்மில கோவமில்லை. என்ரை உயிருக்குப் பயந்து கேட்டனீர், அது எனக்கு விளங்குது." மதியம் 'குஞ்சு' என்றவர் திரும்பவும் 'நீர்' என்றார். "எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது. ஆதிரைக்கும் இப்பதான் எடுத்துச் சொன்னனான். அழுதாள், பேசினாள், நாளைக்கு வாறாளாம். சொன்னது நல்லதுதான். அதுவும் எனக்குத் தெரியும்."

அவர் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"மத்தியானம் நான் உம்மட்டைக் கேட்டன், ஒண்டும் சந்தேகப்படேல்லையோ எண்டு. அப்ப நீர் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நானே பிரபாவுக்கு எடுத்துக் கதைச்சிருப்பன். ஒரு பொட்டாவது வைச்சிருப்பன். அவவின்ரை கைப்பைக்குள்ள மணி அடிக்க, நான் அப்பிடி நாறிக் கிடந்திருக்கமாட்டன்." பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எல்லாருக்கும் வாயை மூடினீர். எனக்குமெல்லோ மூடிப்போட்டீர்."

 அவர் சொன்னது முழுக்க உண்மை.  சுகன்யாதேவி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துஷானி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த நாளிலிருந்து மாமி ஒளிவுமறைவில்லாமல் சோறு கட்டினார். பெட்டியின் மேல் 'சுகன்யா' என்று ஒட்டி, மஞ்சள் மூடிப் போத்தல் தூளில் வைத்த கறி. துஷானி அதைப் பதினாலாம் அறையின் வாசல்வரை கொண்டுபோவாள். தனக்குப் பதிலாக அந்த அறையைப் பார்க்கிற மாணவியின் கையில் கொடுப்பாள். கதவு திறக்கும்போது உள்ளேயிருந்து ஆதிரையின் குரல் கேட்கும், சில நேரம் பிரபாலினியின் சிரிப்பும் கேட்கும். கதவு சாத்தப்படும். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பதினைந்தாம் அறைக்குப் போவாள்.

பின்னேரம் வீட்டில் மாமி காத்துக்கொண்டிருப்பார், காதில் ரெலிபோனுடன்.

"சுகன்யா சாப்பிட்டவவோ? குழாய் கழட்டிப்போட்டினமோ? ஏதும் சொன்னவவோ?"

"எனக்குத் தெரியாது மாமி," என்றாள் துஷானி. இந்த முறை அது உண்மை.

மாமி அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு ரெலிபோனுக்குள், நிறைந்த மனதோடு சொன்னார்:

"கேட்டியளே? வாயே திறக்கமாட்டாள். அருமையான டொக்டரா வருவாள்."